எருது கடந்த துறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரே வேலைதான். மாமாவோடு போய்க் காரைக் கழுவ வேண்டும். பண்பொழிக்கு மேற்கே அனுமன் நதி அகலமாய்ப் பரந்து கணுக்கால் அளவே தண்ணீர் ஓடும் இடம் ஒன்று உண்டு. வைக்கோல் வண்டிகள் ஆற்றைக் கடக்கும் தடம் அது. மாமா அந்தத் தடத்தில் காரை மெல்ல இறக்கி, முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் நிற்கும்படி நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். நான் பின்கதவைத் திறந்து குதிப்பேன். பித்தளைச் செம்பு ஒன்று, தேங்காய் நார் ஒரு கை, கிழிந்த பனியன் துணி இரண்டு. கூரையும் கண்ணாடியும் மாமாவுக்கு. என் உயரத்துக்கு எட்டியவை சக்கரத் தட்டுகள் நான்கும், முன்னால் கட்டம் கட்டமாய் மின்னிய சல்லடையும், பின்னால் டிக்கியில் பதித்திருந்த வெள்ளி எழுத்துகளும்.

அந்த எழுத்துகளைத் துடைத்துத் துடைத்துத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏ பி சி டி தொடங்குமுன்பே 'அம்பாசிடர்' என்ற சொல்லின் ஒவ்வொரு வளைவும் என் விரலுக்குத் தெரியும். அதில் எஸ் இரண்டு வரும். இரண்டாவது எஸ்ஸின் வயிற்றில் எப்போதும் செம்மண் தங்கும். ஈர்க்குச்சி விட்டுத்தான் எடுக்க முடியும். எடுத்து முடித்து நிமிர்ந்தால், கழுவிய கறுப்புக் கூரையில் திருமலைக் குமாரசாமி கோயில் குன்று தலைகீழாகத் தெரியும். சாரல் காலமென்றால் குன்று தெரியாது. மஞ்சு மட்டும் கூரைமேல் நகர்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஆச்சிக்கு அது அம்பாசிடர் இல்லை. எந்தக் காரானாலும் அவளுக்குப் பிளசர்தான். "பிளசர் வந்திட்டுதா? உங்க மாமனுக்கு எலையப் போடு" என்பாள். ஆனி ஆடியில் மாமா வீட்டில் தங்கவே மாட்டார். குற்றாலம் சீசன். தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிகள். ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் என்று மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாய் வண்டி போய்வரும். மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனுக்கு நகைப்பெட்டி புனலூரிலிருந்து தென்காசி வழியாக வரும். கேரளப் போலீஸ் காவலோடு வரும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாமாவின் கார் ஒருமுறை போயிற்று. அந்த ஒரு நாளின் பெருமையை நான் ஒரு வருஷம் வைத்துச் செலவழித்தேன்.

பெருமையால்தான் சண்டையும் வந்தது. 1977 அல்லது 78 இருக்கும். நான் நாலாம் வகுப்பு. என் பெஞ்சில் இருந்தவனுடைய அப்பா லாரி டிரைவர். "எங்கப்பா ஓட்டுதது பென்ஸு லாரி" என்பான். லாரியின் நெற்றியில் டாடா என்று இருக்கிறதே என்றால், "அது பேரு. வண்டி பென்ஸு" என்பான். இன்னொருவன் டாக்டர் வீட்டுப் பிள்ளை. அவர்களிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் என்றால் தீபாவளிக்கு வாங்கும் சிவகாசி வெடிப் பெட்டி. நமுத்துப்போகாது என்று நம்பி வாங்கும் பெட்டி. அதே பெயர் ஒரு காரின் மேல் இருந்ததால் அந்தக் கார்மீது எனக்கும் ஒரு மரியாதை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "உங்க ரெண்டும் சீமை வண்டிலே. எங்க மாமா வண்டிதான் நம்ம நாட்டு வண்டி. இந்துஸ்தான்னு கம்பெனி பேரே இருக்கு" என்றேன். அவர்களுக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன்.

அம்பாசிடர் என்றால் என்ன பொருள் என்று சாரிடம் கேட்டேன். "தூதர். ஒரு நாட்டுக்காக இன்னொரு நாட்டுல போய்ப் பேசறவர்" என்றார். வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே, "தூதுன்னா அனுமாருல்லா?" என்றாள். அனுமாருடைய ஆற்றில் அனுமாரைத்தான் குளிப்பாட்டுகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் புரட்டாசியில் காலாண்டு விடுமுறை விட்டிருந்தார்கள். குற்றாலத்துக் கூட்டம் வடிந்து ஐயப்ப சீசன் தொடங்குமுன் இருக்கும் அந்த இடைவெளியில்தான் மாமா வண்டிக்கு வேலை பார்ப்பார். பல வருஷம் மலை ஏறி இறங்கிய இஞ்சின். பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. தென்காசியில் ஒரு வேப்ப மரத்தடியில் தகரக் கொட்டகை போட்ட ஒர்க் ஷாப். அதன் மேஸ்திரிக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். இளவயதில் ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரையின் கார்களைப் பார்த்துக்கொண்டவர். துரை சீமைக்குத் திரும்பிய பிறகு மலையிறங்கித் தென்காசியில் கொட்டகை போட்டவர். மாமா அவரை அண்ணாச்சி என்பார். நான் தாத்தா என்றேன்.

மூன்று நாள் அந்தக் கொட்டகையில் இருந்தேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் அவ்வளவு கவனமாக நான் உட்கார்ந்ததில்லை. மரத்தில் சங்கிலி கட்டி இஞ்சினைத் தூக்கினார்கள். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் மேஸ்திரி மண்ணெண்ணெய்த் தட்டில் போடுவார். அவற்றைத் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே சாக்கில் அடுக்குவது என் வேலை. வரிசை தப்பினால் திட்ட மாட்டார். எல்லாவற்றையும் திரும்பத் தட்டில் போட்டுவிடுவார். முதலிலிருந்து அடுக்க வேண்டும்.

ஸ்பேனர் கேட்பார். "ஒம்பது பதினாறு." எடுத்துக் கொடுப்பேன். "அரை." கொடுப்பேன். "ஏழு பதினாறு." எனக்குப் புரியவில்லை. பள்ளியில் சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சாலையோரக் கல்லில் கிலோமீட்டர். ஜவுளிக் கடையில் மீட்டர். பின்னத்தில் பேசுகிற இந்தச் சாமான் எந்த ஊர்க் கணக்கு?

"இது இஞ்சுக் கணக்கு ராசா. ரோடு மாறியாச்சு, துணி மாறியாச்சு. இந்த நட்டு மட்டும் மாறல. பொறந்த ஊர்க் கணக்கைத்தான் கேக்கும்."

"பொறந்த ஊருன்னா, கல்கத்தாவா தாத்தா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பலகைக்கு மேலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தடிப் புத்தகம் ஒன்றையும், பிஸ்கட் டப்பா ஒன்றையும் எடுத்து வந்தார். புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். கார் படம். உருண்டை முதுகு, பின்னால் சின்ன வாலாய் எழும்பும் ஓரங்கள், பிதுங்கிய கன்னம். முன்சல்லடை மட்டும் கொஞ்சம் வேறு.

"இது யாரு வண்டி?"

"எங்க மாமா வண்டி."

"கீழ எழுதியிருக்கத வாசி."

எழுத்துக் கூட்டினேன். எம். ஓ. ஆர். இன்னொரு ஆர். ஐ. எஸ். அம்பாசிடருக்கு இருக்க வேண்டிய ஏ எங்குமே இல்லை.

"பொஸ்தகத்துல தப்பாப் போட்டுட்டாவ தாத்தா."

"பொஸ்தகமும் தப்பில்ல. மாமா வண்டியும் தப்பில்ல. இங்கிலாந்துல இவன் பேரு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. நம்ம ஊருக்கு வந்து அம்பாசிடரு."

டப்பாவைத் திறந்தார். பல கார்களின் நெற்றிப் பொட்டுகள் அதில் கிடந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துரையின் மோரிஸ் மைனர் கடைசியில் பழைய இரும்பாகப் போனபோது இவர் கழற்றி வைத்துக்கொண்டது. அங்கங்கே பூச்சு உதிர்ந்திருந்தது. நீலமும் வெள்ளையுமாய் அலைகள். அலைகளுக்கு மேல் சிவப்பாய் ஒரு எருது.

"ஆக்ஸ்னா எருது. ஃபோர்டுன்னா ஆத்துல ஆழமில்லாம கடக்குற துறை. எருது கடக்குற துறை. அதான் அந்த ஊருக்குப் பேருன்னு தொரை சொன்னாரு. நம்ம திருநெல்வேலிக் குறுக்குத்துறை மாதிரி வச்சுக்கோயேன்."

அந்த எருதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மாமா காரை இறக்கும் அதே தடத்தில், வைக்கோல் பாரத்தோடு, தலையைத் தாழ்த்தித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் கால் வைக்கும் எருது. எங்கேயோ குளிர் நாட்டில் ஒருவன் அதையே பார்த்து ஊருக்கும் காருக்கும் சின்னமாக வைத்திருக்கிறான். இப்போது நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. அன்றைக்கு அப்படியில்லை. பெஞ்சில் நான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. எங்கள் வண்டியும் சீமை வண்டிதான். தொண்டை அடைத்துக்கொண்டது. எருதை டப்பாவில் போட்டுவிட்டு வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிறகு பெரியவனாகி நானே தேடிப் படித்ததில் மேஸ்திரி சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. பி.எம். பிர்லா 1942ல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது. 1948ல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்குப் போனது. மோரிஸ் டென் இங்கே இந்துஸ்தான் டென் ஆயிற்று. மோரிஸ் மைனர் பேபி இந்துஸ்தான் ஆயிற்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசை 1954ல் லேண்ட்மாஸ்டர் என்று வந்தது. மூன்றாம் வரிசைதான் 50களின் கடைசியில் அம்பாசிடராக வந்தது. இங்கிலாந்தின் கௌலி ஆலையில் அந்த மூன்றாம் வரிசை 1959லேயே நின்றுபோயிற்று. உத்தர்பாராவில் அந்த உடம்பு 2014 மே மாதம் வரை பிறந்துகொண்டே இருந்தது.

அந்தத் தலைமுறையில் எல்லோருமே அப்படித்தான். 1953ல் டாரிஃப் கமிஷன் சொன்னதை ஏற்று, பெட்டி பெட்டியாய் இறக்கி முடுக்கி விற்பது மட்டும் இனி கூடாது, உள்நாட்டில் செய்யத் திட்டம் இருந்தால் இருக்கலாம் என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவர்கள் வெளிநாட்டுக் கூட்டாளியின் வரைபடத்தையும் அச்சுகளையும் வாங்கித் தங்கள் பெயரில் செய்யத் தொடங்கினார்கள். வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆலையில் ஃபியட் 1100 பிறகு பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974ல் சித்தூர் ராணியின் பெயரில் பத்மினி ஆயிற்று. ஜனங்கள் கடைசிவரை ஃபியட் என்றே சொன்னார்கள். டாடா 1954ல் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்தது. 1969ல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் இறங்கியது. எட்டொன்பது வருஷம் கழித்தும் என் பெஞ்சுக்காரன் பென்ஸு லாரி என்றானே, அவன் பொய் சொல்லவில்லை.

டாக்டர் வீட்டு ஹெரால்டின் கதைதான் இன்றும் என்னை அதிகம் உருக்குகிறது. அது மெட்ராஸுக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் பிறந்த வண்டி. 1959ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதை இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று கொண்டுவந்தது. ஸ்டாண்டர்ட் என்பது கோவென்ட்ரியில் இருந்த தாய்க் கம்பெனியின் பெயர். அங்கே அந்தச் சொல்லுக்கு நாளாவட்டத்தில் 'சாதாரண ரகம்' என்ற பொருள் படிந்துவிட்டது. அதனால் வண்டிகளின் நெற்றியிலிருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள். 1963க்குப் பிறகு இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கார் கிடையாது. வண்டலூரில் அந்தப் பெயர் இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. பிறந்த ஊரில் அணைந்த விளக்கு, வந்த ஊரில் எரிந்தது. எங்கள் ஊரில் ஸ்டாண்டர்ட் என்றால் சாதாரணம் என்று யாரும் நினைக்கவில்லை. நம்பி வாங்கலாம் என்றே நினைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு நாங்கள் கொடுத்த மதிப்பை அதைப் பெற்றவர்களே கொடுக்கவில்லையே என்று இன்றும் தோன்றும். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே மூடியாய் முன்னோக்கிச் சாயும். மேஸ்திரி அதைத் திறந்து வைத்தால், ஒரு பெரிய பறவை வாயைப் பிளந்து நிற்பது போலிருக்கும். நாங்கள் பையன்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்போம்.

இரண்டாம் நாள் மதியம் மேஸ்திரி என்னை மறுபடி கூப்பிட்டார். நான் பேசவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக் காட்டினார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போடும் பாயின்ட் செட். மேலே லூகாஸ் டி.வி.எஸ். என்று இருந்தது.

"லூகாஸ் சீமைக்காரன் பேரு. டி.வி.எஸ். யாரு தெரியுமா? சுந்தரம் ஐயங்கார். அவரு பொறந்த திருக்குறுங்குடி நம்ம ஜில்லாதான். மெட்ராஸ்ல பாடியில பண்ணுதாவ. முன்னாடி இந்தச் சாமானுக்குத் தொரை கப்பலைப் பார்த்து மாசக்கணக்குல காத்துக் கெடப்பாரு. இப்ப நான் பஸ்ஸுல ஆள் அனுப்பி மதுரையில வாங்குதேன்."

பிறகு என் கையைப் பிடித்து இஞ்சின் தொட்டியின் உள்சுவரில் வைத்தார். வழவழவென்று இருந்தது. "இந்த இரும்பை உருக்கினவன், கடைஞ்சவன், முடுக்கினவன், எல்லாம் நம்ம ஆளு. பேரை மட்டும் மாத்தி ஒட்டியிருந்தா ஏமாத்து. வேலையைக் கத்துக்கிட்டான்ல? கத்துக்கிட்டவன் பேரு வைக்கலாம். ஆனா யாருகிட்ட கத்துக்கிட்டோம்னு மறைக்கப்பிடாது. அதுக்குத்தான் இந்த டப்பாவ வச்சிருக்கேன்."

அந்த வயதில் அது எனக்குப் பாதிதான் புரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி கிளம்பியது. முன்னால் நீள பெஞ்சு சீட்டு. கியர் ஸ்டியரிங்கோடு சேர்ந்திருக்கும் என்பதால் மாமாவை ஒட்டி நடுவில் உட்காரலாம். ரிங் புதுசு, வேகம் கூடாது என்று மாமா மெதுவாகவே ஓட்டினார். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குள் நுழையும் வளைவு வந்தது. இரண்டு பக்கமும் துவாரபாலகர். உச்சியில் சங்கு. எத்தனையோ முறை அதைப் பார்த்தவன்தான். அன்றைக்குத்தான், "மாமா, அந்தச் சங்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது திருவிதாங்கூர் ராசா முத்திரைலே. முன்னே செங்கோட்டை அவிய சீமை. ஆச்சி பொறந்தப்ப அவ மெட்ராஸ்காரி இல்ல, தெரியுமா?"

வீட்டுக்குப் போனதும் ஆச்சியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சுருக்குப்பையின் அடியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்தாள். ஒரு சக்கரம். அதிலும் சங்கு. இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுத்தால் வெள்ளைக்காரன் ஒரு ரூபாய் என்றாள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் கன்னியாகுமரி மாவட்டமாக, செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. அந்த நாளைப் பற்றி அவள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"ராத்திரி படுக்கும்போது அந்தச் சீமை. காலையில எந்திரிச்சா இந்தச் சீமை. அடுப்பு அதே அடுப்பு. கெணத்துத் தண்ணி அதே தண்ணி."

"அப்ப ஒண்ணுமே மாறலியா ஆச்சி?"

"மாறாம? முன்னே கச்சேரிக் கடுதாசி மலையாளத்துல வரும். வாசிச்சுச் சொல்ல ஆளத் தேடணும். பெறகு தமிழ்ல வந்துது. உங்க தாத்தாவே வாசிச்சாரு. அதுக்குத்தானே நேசமணி ஐயா கூட நின்னு அத்தன பேரு பாடுபட்டாவ."

"பெறகு இந்தக் காசை ஏன் வச்சிருக்க?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "எங்க அய்யா எனக்குக் குடுத்ததுல்லா" என்றாள். முடிச்சை இறுக்கிப் பையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஆற்றில் நான் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது எஸ்ஸில் செம்மண் எடுத்தேன். எதிரே ஒரு வைக்கோல் வண்டி இறங்கியது. வலத்தை மாடு காரைப் பார்த்து மிரண்டு நின்றது. வண்டிக்காரர் தட்டிக் கொடுத்ததும் கால் வைத்தது. திங்கட்கிழமை பள்ளியில் என் பெஞ்சுக்காரனிடம், "எங்க வண்டியும் சீமைல பொறந்ததுதான்லே. பழைய பேரு மோரிஸு" என்று நானாகவே சொன்னேன். அவன் கேலி செய்வான் என்று நினைத்தேன். "அப்ப நம்ம ரெண்டு வண்டியும் சேக்காளி" என்று சொல்லிவிட்டு நெல்லிக்காயில் பாதியைக் கடித்துக் கொடுத்தான்.

அந்த ஒர்க் ஷாப்பின் பழக்கம் என்னை விடவில்லை. எந்த வண்டியைப் பார்த்தாலும் இதற்கு முன்பு என்ன பெயர் என்று தேடுகிறவனாகிவிட்டேன். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் ஜப்பான் வீட்டுப் பெயர் சுசூகி ஃப்ரோன்டே என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். பிழைப்புக்காக மெட்ராஸ் வந்து வண்டலூரைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் டாக்டர் வீட்டு ஹெரால்டு ஞாபகத்துக்கு வரும். பிறகு ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010ல் ஆலை திறந்தன. நிசான் மைக்ராவே ரெனோ பல்ஸ். நிசான் சன்னியே ரெனோ ஸ்கேலா. ரெனோ டஸ்டரே நிசான் டெரானோ. ஒரே ஆலை, இரண்டு நெற்றிப் பொட்டு. 2019ல் மாருதி பலேனோ டொயோட்டா கிளான்சா என்றும் கடைக்கு வந்தது.

இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு அச்சைச் செய்ய ஆகும் பெருஞ்செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் மேஸ்திரியின் அளவுகோலை வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உத்தர்பாராவிலும் வண்டலூரிலும் பெயரை மாற்றியவர்கள் கூடவே வேலையையும் கற்றுக்கொண்டார்கள். இரண்டு கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் சின்னத்தை மாற்றிக்கொள்ளும்போது புதிதாக யார் எதைக் கற்கிறார்கள்? அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று. 2020ல் இந்தியாவில் செய்த அதே பலேனோ தென்னாப்பிரிக்காவில் டொயோட்டா ஸ்டார்லெட் என்ற பெயரில் இறங்கியது. வரைந்தது யாராயிருந்தாலும், நம் ஊர்க் கை செய்த வண்டிக்கு வேறொரு நாட்டில் பெயர் வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு பையன் டிக்கியில் எழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு யாராவது அந்த வண்டி பிறந்த ஊரைச் சொல்ல வேண்டும்.

அம்பாசிடரே ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சில வண்டிகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே திரும்பின. நமக்கு வேண்டாத ஹீட்டரையும் சீட் பெல்ட்டையும் வைத்து, ஃபுல்போர் மார்க் டென் என்று இன்னொரு பெயர் சூட்டி அங்கே விற்றார்கள். மூன்றாவது பெயரோடு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. யாராவது ஒரு கிழவர் அதைத் தெருவில் பார்த்து, "இது நம்ம மோரிஸ் அல்லவா" என்று நின்றிருப்பார். மேஸ்திரியிடம் இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். நான் தெரிந்துகொண்டபோது அவர் இல்லை.

மாமா வண்டியை விற்றது அதே காலத்தில்தான். கண் மங்கத் தொடங்கியிருந்தது. ராத்திரி மலைப்பாதை இனி வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள். அச்சன்கோவில் பக்கத்து ஆள் ஒருவர் வாங்க வந்திருந்தார். உதிரிச் சாமானுக்காகத்தான் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். நான் மெட்ராஸிலிருந்து அதற்கென்றே வந்திருந்தேன்.

கடைசியாக ஒருமுறை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கழுவினோம். நாரும் செம்பும் அதேதான். மாமாவால் கூரைக்கு எட்டிக் கழுவ முடியவில்லை. கூரையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் டிக்கிப் பக்கம் உட்கார்ந்து எழுத்துகளைத் துடைத்தார். வீட்டு வாசலில் நிறுத்தியதும், வாங்குகிறவர் உள்ளே பணம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அந்த எழுத்துகள் எனக்கு வேண்டும். பிஸ்கட் டப்பாவில் எருது இருந்ததுபோல என்னிடம் இவை இருக்க வேண்டும். நுனியை 'ஏ'யின் அடியில் கொடுத்துவிட்டேன்.

"வேண்டாம்லே."

மாமா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒரு தடவ ஒரு ஊர்ல பேரக் கழத்தி வச்சிட்டு வந்தவன். மறுபடியும் கழத்தப்பிடாது. பேரோடயே போவட்டும்."

வாங்கினவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். முதல் தடவையே இஞ்சின் பிடித்தது. மாமா கையை உயர்த்தவில்லை. வண்டி தெருமுனையில் மேற்கே திரும்பி மேக்கரைச் சாலையில் ஏறியது. நாங்கள் வாசலைத் தாண்டி நடந்து தெரு முடியும் வரை போனோம். மலைமேல் மழை இருட்டியிருந்தது. ஆற்றின் ஈரம் காயாத பின்பக்கம் கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டே போயிற்று.